சராசரிக்குள் மறைவது: துளிகளால் நொதியை அளந்த வரலாறு

மும்பை மாட்டுங்காவில் உள்ள வேதித் தொழில்நுட்ப நிறுவனம் 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் டாங்க்வெர்ட்ஸிடம் முனைவர் பட்டம் பெற்ற மன் மோகன் சர்மா 1964இல், தம் 27ஆம் வயதில், அங்கே பேராசிரியரானார். ஒரு கலனுக்குள் ஒரு திரவம் மற்றொன்றில் துளிகளாகச் சிதறும்போது அத்துளிகளின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பது ஆலைகளுக்குத் தேவையான கணக்கு. வேகம் முன்பே தெரிந்த ஒரு வேதிவினையைக் கலனுக்குள் நிகழ்த்தி, வினை நடந்த அளவிலிருந்து பரப்பைக் கணக்கிடும் முறைகளை டாங்க்வெர்ட்ஸும் சர்மாவும் வளர்த்தெடுத்தனர். வேதிவினையைக் கொண்டு துளிகளை அளந்த முறை அது. விடையாகக் கிடைத்தது மொத்தம், அதிலிருந்து சராசரி. ஆலைக்கு அதுவே போதும்.

ஏறத்தாழ அதே காலத்தில் இதன் மறுதலையும் உருவாகியிருந்தது: துளிகளைக் கொண்டு வேதிவினையை அளத்தல். 1958இல் மெல்பர்னில் நோசலும் லெடர்பெர்க்கும் நோயெதிர்ப்புச் செல்களை ஒவ்வொன்றாக நுண்துளிகளில் அடைத்து, எந்தச் செல் எந்த எதிர்ப்பொருளைச் சுரக்கிறது என்று பார்த்தனர். 1961இல் போரிஸ் ராட்மன் இன்னும் நுட்பமான இடத்துக்குச் சென்றார். பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியின் மிக நீர்த்த கரைசலை, அந்நொதி வெட்டினால் ஒளிரும் ஒரு சேர்மத்துடன் கலந்து, சிலிக்கோன் எண்ணெயில் நுண்துளிகளாகச் சிதறடித்தார். பல மணி நேரம் கழித்துச் சில துளிகள் ஒளிர்ந்தன. மற்றவை இருண்டே இருந்தன. ஒளிர்ந்த துளிக்குள் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு நொதி மூலக்கூறு.

இது கைகூடியதற்குக் காரணம் கொள்ளளவுதான். ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி பிக்கோலிட்டர்கள் அடங்கும். சோதனைக்குழாயில் ஒரு மூலக்கூறு உண்டாக்கும் ஒளிர்பொருள் கரைந்து காணாமற்போகும். ஒரு பிக்கோலிட்டர்த் துளியில் அதே அளவு நூறு கோடி மடங்கு செறிவாகத் தேங்கும்.

ராட்மனின் சோதனை ஒரு பழைய ஐயத்தையும் தீர்த்தது. சூடாக்கிய நொதிக்கரைசலின் செயல்பாடு பாதியாகக் குறைந்தால், எல்லா மூலக்கூறுகளும் பாதியளவு தளர்ந்தனவா, பாதி மூலக்கூறுகள் முற்றிலும் செயலிழந்தனவா? சோதனைக்குழாய்க்கு இரண்டும் ஒன்றே. துளிகள் இரண்டாவதே உண்மை எனக் காட்டின.

'என்சைம்' என்னும் சொல்லை 1870களில் வில்ஹெல்ம் கூனே படைத்தபோது அதன் பொருள் 'ஈஸ்டினுள் இருப்பது'. 'நொதி' என்னும் தமிழ்ச்சொல்லும் நொதித்தலிலிருந்து வந்ததே. இரு சொற்களும் புளித்துப் பொங்கும் கலத்தை நினைவூட்டுகின்றன. அந்தக் கலத்தின் அளவையிலிருந்து தனிச் செல்லின் அளவைக்கு வருவதே இவ்வரலாற்றின் போக்கு.

ராட்மனின் துளிகள் சீரான அளவுடையவை அல்ல. அக்குறை நீங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 2001இல் கால்டெக் ஆய்வாளர்கள், நுண்கால்வாய்கள் கூடும் சந்திப்பில் எண்ணெயோட்டம் நீரோட்டத்தை ஒரே அளவுத் துளிகளாக நறுக்குவதைக் காட்டினர். 2010இல் ஹார்வர்டில், ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் அமைந்த பெராக்ஸிடேஸ் நொதியின் மாற்றுருவங்கள் பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ பத்துக் கோடித் துளிகளில் சோதிக்கப்பட்டன.

இம்முறைக்கும் விலை உண்டு. ஒரு துளிக்கு ஒரு செல் என்று கட்டளையிட முடியாது; செல்கள் தற்செயலாகவே நுழைகின்றன. சராசரியாகப் பத்துத் துளிக்கு ஒரு செல் என நீர்த்தால், சுமார் 90 விழுக்காட்டுத் துளிகள் வெறுமையாகவும், 9 விழுக்காடு ஒரு செல்லுடனும் இருக்கும். ஒளிர்பொருள் எண்ணெய் வழியாகப் பக்கத்துத் துளிக்குக் கசிவதும் உண்டு. அப்போது அளவீடு மீண்டும் சராசரியை நோக்கி நழுவும்.

மாட்டுங்காவை அடுத்துள்ள தாராவியில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. காற்றோட்டமற்ற நெருக்கமான வீடுகளில் காசநோய் எளிதில் பரவும். சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறைக்கு, மில்லிலிட்டருக்கு 5,000 முதல் 10,000 கிருமிகளாவது தேவை. அதற்குக் குறைந்தால் நோயாளி 'இல்லை' என்ற முடிவுடன் வீடு திரும்பக்கூடும். மருந்துக்குப் பணியாத கிருமிகளும் முதலில் சிறுபான்மையாகவே தோன்றுகின்றன. அருகிலுள்ள மாஹிமின் ஒரு மருத்துவமனை, சோதித்த எல்லா மருந்துகளையும் எதிர்த்த காசநோய் நால்வரிடம் இருந்ததாக 2012இல் வெளியான அறிக்கையில் தெரிவித்தது.

காசநோய்க் கிருமி 'பிளாசி' என்னும் நொதியைச் சுரந்து பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கிறது. 2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்நொதியை ஈ.கோலை செல்களில் உண்டாக்கி, அவற்றைத் தனித்தனித் துளிகளில் அடைத்து, ஒளிரும் துளிகளை எண்ணிக் காட்டினர். கிருமியைக் காக்கும் நொதியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அது ஆய்வகச் செல்களில் நடந்த சோதனை. பிசுபிசுப்பான சளியையும் தொற்றும் கிருமியையும் கையாண்டு, ஒரு நகராட்சி மருத்துவமனை தாங்கும் செலவில் செய்துகாட்டுவதே எஞ்சியுள்ள வேலை. துளிகளின் இயல்பை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயின்ற மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது.