தராசு மாறிச்சு, கழிவு மாறிச்சா?

வியாபார மென்பொருள் போட்டு வேலைய தானியக்கமாக்குற திட்டங்கள் ஏன் தோத்துப்போகுது? இதுக்கு விடை தேடி தூரமா போக வேணாம். நம்ம தலவாக்கலை மலைகள்ல கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனாலே போதும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். அதுக்குப் பிறகு கொழுந்தை உருட்ட, காயவைக்க, சலிக்க என்று தொழிற்சாலைக்குள் இயந்திரங்கள் வரிசையா வந்தன, நிலைச்சும் நின்றன. மலையில் பிரச்சினை கொழுந்தில் இல்லை, கணக்கில்.

அந்தக் காலத்தில் தொழிலாளியின் கடன், கங்காணி வைத்திருந்த 'துண்டு' என்ற சீட்டில் இருந்தது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கணக்கு எழுதுற கை தொழிலாளியோடதா மாறல. செக்ரோலில் முழுப்பேரா அரைப்பேரா என்பதை அதே பக்கம்தான் முடிவு பண்ணிச்சு.

இப்போ பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு. எண் சரியாத்தான் காட்டும். ஆனா சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கணும்னு தராசு சொல்லாது. அது பழைய இடத்திலேயே தீர்மானமாகுது. 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபா ஆனபோதும், அதுக்கு எத்தனை கிலோ எடுக்கணும் என்பதில்தான் தகராறு வந்தது.

அலுவலக மென்பொருளும் இப்படித்தான் தோற்குது. பழைய விதியை அப்படியே உள்ளே வச்சு வேகமாக்குறாங்க. அந்த விதியால பாதிக்கப்படுறவங்ககிட்ட யாரும் கேட்கிறதில்லை. அடுத்த தராசு வாங்க முன்னாடி, கழிவுக் கணக்கை கொழுந்து எடுக்கிற அக்காமாரும் பார்க்கிற மாதிரி எழுதி வைக்கட்டும். அதுக்கு ஒரு பலகை போதும்.