அறுபதாவது கோல்

ஒரு சீசனில் 30 கோல் போட்டாலே இன்று வீரரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். லீக் ஆட்டங்களில் மட்டும் ஒரே சீசனில் 60 கோல் போட்ட ஒருவர் இருந்தார். வில்லியம் ரால்ஃப் டீன். உலகம் அவரை 'டிக்ஸி' டீன் என்றது. அவருக்கோ அந்தப் பெயர் பிடிக்காது. நிறத்தைக் கேலி செய்யும் வாடை அதில் இருந்தது என்பார்கள். பில் என்று கூப்பிட்டால்தான் அவருக்கு மகிழ்ச்சி. நானும் பில் என்றே எழுதுகிறேன்.

1907இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். உள்ளூர் டிரான்மியர் ரோவர்ஸில் ஆடத் தொடங்கினார். 1925இல் எவர்டன் 3,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டை ஓட்டில் முறிவு. இனி ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். சில மாதங்களில் திரும்பி வந்தார். அதுவும் எப்படி? தலையால் முட்டிக் கோல் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்னும்படி!

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும், வாத்தியார் பழக்கம் விடுமா? 1925 வரை ஆஃப்சைடு விதி வேறு. பந்து முன்னோக்கி வரும்போது, முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். அந்த ஆண்டு மூன்றை இரண்டாக்கினார்கள். தடுப்பாளர்கள் திணறினார்கள், கோல்கள் குவிந்தன. 1926-27இல் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் காம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல் போட்டார். விதி மாறியதால் வந்த சாதனை என்று பில்லைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விதி எல்லோருக்கும்தானே மாறியது?

1927-28 சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்கள். காம்செலை முந்த இன்னும் ஏழு கோல் வேண்டும். பர்ன்லிக்கு எதிராக நான்கு போட்டார். மிச்சம் மூன்று. 1928 மே 5, குடிசன் பார்க் மைதானம், எதிரணி ஆர்சனல். முதல் கோலை ஆர்சனல் போட்டது. பில் சமன் செய்தார், பெனால்டியில் இன்னொன்றும் போட்டார். 59. ஆர்சனல் மறுபடி சமன் செய்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அலெக் ட்ரூப் அடித்த கார்னர் கிக் உயர்ந்து வந்தது. பில் எழும்பித் தலையால் முட்டினார். அறுபது! கடைசியில் ஆர்சனல் இன்னொரு கோல் போட்டு ஆட்டம் 3-3 என முடிந்ததை யார் கவனித்தார்கள்? எவர்டன் ஏற்கெனவே சாம்பியன் ஆகியிருந்தது. பில்லுக்கு வயது 21.

அதன் பின் 1930இல் எவர்டன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பில் விட்டுப் போகவில்லை. 1931இல் மேலே வந்தார்கள், 1932இல் மறுபடி சாம்பியன். 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வீரர்கள் முதுகில் எண் அணிந்தார்கள், கேப்டன் பில்லுக்கு 9. அன்றும் ஒரு கோல் போட்டார். இங்கிலாந்துக்காக 16 ஆட்டங்களில் 18 கோல். எவர்டனுக்காக மொத்தம் 383.

சம்பளம்? சீசனில் வாரத்துக்கு 8 பவுண்டு, கோடையில் 6. எந்த வீரருக்கும் அதற்கு மேல் தரக்கூடாது என்பது லீக்கின் சட்டம். அவரைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் கொடுத்த டிக்கெட் காசு யார் பைக்குப் போனது என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த உச்சவரம்பு 1961இல்தான் நீங்கியது. ஆட்டத்தை விட்ட பின் பில் செஸ்டரில் மதுக்கடை நடத்தினார். பிறகு லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் போர்ட்டர் வேலை. 1976இல் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

1980 மார்ச் 1. குடிசன் பார்க்கில் எவர்டன் - லிவர்பூல் ஆட்டம். பார்க்க வந்திருந்த பில்லுக்கு அங்கேயே மாரடைப்பு வந்தது. அறுபதாவது கோலைப் போட்ட அதே மைதானத்தில், 73ஆம் வயதில் உயிர் பிரிந்தது. அன்றைக்கு எவர்டன் 1-2 என்று தோற்றது.