இணையற்றதும் தனிப்பிறவியும்

புனே நகரத்துப் பழைய பேட்டைகளின் கடைப் பலகை வாசகங்களுள், 'ஆம்சீ கோடேஹீ ஷாகா நாஹீ' என்பது பெரும் புகழ் பெற்றது. எங்களுக்கு எங்குமே கிளை இல்லை என்பது பொருள். நம் ஊர்க் கடைகளிலும் 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற பலகையைக் கண்டிருக்கிறோம். நோக்கம் போலியை விலக்குவதே. எனினும் புனேக்காரர் இல்லாமையையே பெருமையாக்கிவிட்டார் என்று மராத்தியரே நகைப்பதுண்டு.

இக்கருத்தை ஆங்கிலேயர் 'ஒன் ஆஃப் எ கைண்ட்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஒரு வகையில் ஒன்று' என்றால், பலவற்றுள் ஒன்று என்று பொருள் தலைகீழாகும். அம்மொழியிலேயே 'டூ ஆஃப் எ கைண்ட்' என்றால் இருவரும் ஒரே அச்சு. எண் ஒன்றானவுடன் ஒப்புமை மறைந்து ஒப்பின்மை பிறக்கிறது. 'கைண்ட்' என்பது பிறப்பையும் குலத்தையும் குறித்த பழஞ்சொல். சுற்றத்தைக் குறிக்கும் 'கின்' அதன் உறவு. ஆகவே, தன் குலத்தில் தான் ஒன்றே ஆனது என்பதே கருத்து. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'யுனீக்' என்ற சொல்லில் இந்தப் பிறப்பு வாசனை இல்லை.

மோல்ஸ்வர்த்தின் மராத்தி–ஆங்கில அகராதி 1831இல் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1857இல். அதில் உடனுழைத்த தாமஸ் காண்டி, புனேயில் கல்விப் பணி புரிந்தவர். அத்தகையோர் இரு மொழிகளுக்கும் இட்ட பாலத்தின்மீதுதான் நம் பிள்ளைகளும் இன்று பள்ளியில் நடக்கின்றனர். மராத்தியில் 'அஜோட்' என்பர், ஜோடி இல்லாதது. நம் 'இணையற்ற' என்பதும் அதுவே. ஒப்பற்ற, நிகரற்ற என்பனவும் துணையைத் தேடிப் பார்த்து, இல்லை என்று கூறும் சொற்கள். காப்பியத் தலைவன் நிகரற்றவனாக இருத்தல் வேண்டும் என்று தண்டியலங்காரமும் விதிக்கிறது. ('மிகவும் ஒப்பற்ற' என்று எழுதுவோர் பெருகிவிட்டனர், ஒப்பே இல்லாததில் மிகுதி ஏது?)

'தனி' என்ற சொல் வேறு வகை. தனிச்சிறப்பும் அதில் உண்டு, தனிமையும் உண்டு. கட்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ பிழைப்புக்காக முதலில் வந்து இறங்கிய தமிழருக்கு இரண்டாவது பொருளே முந்தித் தோன்றியிருக்கும்.

ஆங்கிலத் தொடருக்கு நேரான தமிழ் யாது என்று வீட்டுப் பிள்ளை வினவினால், பொருளைப் பற்றியதாயின் 'இணையற்றது' எனலாம். மனிதரைப் பற்றியதாயின் 'தனிப்பிறவி' என்பதே நேர். 1966இல் ஒரு திரைப்படத்திற்கும் பெயரான சொல் அது. 'கைண்ட்' என்பதில் மறைந்துள்ள பிறப்பு இதில் வெளிப்படையாகவே நிற்கிறது. பாராட்டாகவும் சொல்லலாம், அடங்காத அத்தானைப் பார்த்துப் பெருமூச்சுடனும் சொல்லலாம்.