பித்து என்பதிலிருந்து அடிமைத்தனம் வரை: உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் வகைப்பாட்டு வரலாறு

முன்னுரை

தனக்குத் தேவையில்லாத பொருளைத் திருடுவது, கடன் வாங்கிச் சூதாடுவது, தலைமுடியை இழை இழையாகப் பிடுங்குவது, அற்பக் காரணத்துக்கு வெகுண்டு கையில் கிடைத்ததை உடைப்பது ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டாத செயல்களாகத் தோன்றும். உளநல மருத்துவம் 1980இல் இவற்றை ஒரே தலைப்பின்கீழ்த் திரட்டத் தொடங்கியது. 2013இல் மீண்டும் பிரித்துவிட்டது. இந்தச் சேர்க்கையும் பிரிவினையும் சிகிச்சையின் போக்கோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

1. நீதிமன்றமும் கடைத்தெருவும்

தேவையின்றித் திருடும் வேட்கைக்கு 1816இல் தனிப்பெயர் சூட்டியவர் ஜெனிவா மருத்துவர் ஆந்திரே மத்தே. பாரிஸில் உளநோய் மருத்துவர் எஸ்கிரோல், ஏனைய வகைகளில் அறிவு தெளிந்திருக்க ஒன்றில் மட்டும் மனம் சிக்கிக்கொள்ளும் நிலையை ‘மோனோமேனியா’, அதாவது ஒற்றைப் பித்து என்றார். செய்வது தவறு என்று தெரிந்தும் தடுக்க இயலாமல் செய்துவிடும் நோயாளிகளை அவரது 1838ஆம் ஆண்டு நூல் விவரிக்கிறது.

இக்கருத்து 1820களிலேயே பிரெஞ்சுக் கொலை வழக்குகளை எட்டியிருந்தது. பித்து பற்றிய வழக்குகளில் தீர்ப்புச் சொல்ல மருத்துவருக்கு என்ன தகுதி என்று வழக்கறிஞர் எலியாஸ் ரெனோ 1828இல் நூலெழுதி எதிர்த்தார். தடுக்க முடியாத உந்துதல் எது, தடுக்காமல் விட்ட உந்துதல் எது என்ற சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் போலவே, அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாத நிலைக்கே விலக்களிக்கிறது. அறிந்தும் அடக்க இயலாத நிலைக்கு அவற்றில் இடமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் பேரங்காடிகள் பெருகியபோது, அங்கே திருடிப் பிடிபட்ட வசதியான வீட்டுப் பெண்கள் ‘கிளெப்டோமேனியா’ (திருட்டு வேட்கை) நோயாளிகளாகக் கருதப்பட்டனர். அதே குற்றத்துக்கு ஏழைப் பெண் திருடியானாள். நோய்ப்பெயர் வர்க்கம் பார்த்து வழங்கப்பட்டதால் அதன்மீது எழுந்த ஐயம் நெடுநாள் நீடித்தது.

2. ஒரே தலைப்பின்கீழ்

அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம் என்னும் நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் 1952 பதிப்பில் கிளெப்டோமேனியா துணைச்சொல்லாக மட்டும் வந்தது. 1968 பதிப்பில் அதுவும் விடுபட்டது. 1980இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு நோயியல் சூதாட்டம், திருட்டு வேட்கை, தீ வைக்கும் வேட்கை, திடீர் வெடிப்புச் சினம் முதலியவற்றை ஒன்றாக வைத்தது. செயலுக்கு முன் ஏறும் இறுக்கம், செய்யும்போது கிட்டும் இன்பம் அல்லது விடுதலை உணர்வு ஆகிய பொது அடையாளங்கள் அவற்றை இணைத்தன. முடிபிடுங்கும் கோளாறு 1987இல் சேர்ந்தது. ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவை’ என்று அத்தலைப்பிலேயே இருந்த தொடர், இது தற்காலிக ஏற்பாடு என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

3. பார்கின்சன் நோயாளிகள் தந்த சான்று

இவ்வேட்கைகளை ஒழுக்கக் குறையாக மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு வலுவான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பார்கின்சன் நோய்க்காக, மூளை வேதிப்பொருளான டோபமைனைப் போலச் செயல்படும் மருந்துகளை உட்கொண்டோரில் சிலர், அதுவரை இல்லாத சூதாட்ட வெறிக்கு ஆளாயினர். 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், இம்மருந்து எடுத்தோரில் 17.1 விழுக்காட்டினருக்கும் எடுக்காதோரில் 6.9 விழுக்காட்டினருக்கும் சூதாட்டம், பாலியல் வேட்கை, பொருள் வாங்குதல், அளவிறந்த உணவு ஆகியவற்றுள் ஒன்றேனும் கட்டுமீறியிருந்தது. மருந்தைக் குறைத்தபோது அல்லது நிறுத்தியபோது பலரிடம் வேட்கையும் தணிந்தது.

4. பிரிவினையும் சிகிச்சையும்

2013இல் வந்த டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு சூதாட்டத்தைப் போதை அடிமைத்தனத்தின் அத்தியாயத்துக்கும் முடிபிடுங்குதலை எண்ணச் சுழற்சிக் கோளாறுகளின் அத்தியாயத்துக்கும் மாற்றியது. சூதாட்டம் போதை அடிமைத்தனத்தை ஒத்தது என்பதைச் சூதாடிகளும் சிகிச்சையாளர்களும் நடைமுறையில் முன்பே உணர்ந்திருந்தனர். மதுவிலிருந்து மீள்வோர் குழுக்களைப் பின்பற்றி 1957இல் லாஸ் ஏஞ்சலிஸில் சூதாடிகளுக்கான தற்சார்புக் குழு தோன்றியது. 1972இல் மருத்துவர் ராபர்ட் கஸ்டர் ஒஹாயோ மாநிலத்தில் சூதாடிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். மது அடிமைத்தனத்துக்குப் பயன்படும் நால்ட்ரெக்சோன் பின்னர்ச் சூதாட்டத்துக்கும் திருட்டு வேட்கைக்கும் சோதிக்கப்பட்டுச் சாதகமான முடிவுகளைத் தந்தது.

முடிபிடுங்குவோருக்கு வேறு வழி பிறந்தது. உளவியலாளர்கள் அஸ்ரினும் நன்னும் 1973இல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சியில், கை தலைக்குப் போகும் தருணத்தை நோயாளி முதலில் கவனிக்கப் பழகுகிறார். பிறகு அந்நேரத்தில் கையை இறுக மூடிச் சிறிது பொழுது வைத்திருக்கிறார். சூதாட்டத்துக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையோடு, கைக்கு எட்டும் பணத்தைக் குறைக்கும் ஏற்பாடும் சேர்கிறது. வழிகள் வேறாயினும் உந்துதலுக்கும் செயலுக்கும் நடுவே உள்ள கணத்தை நீட்டிப்பதே இரண்டிலும் நோக்கம்.

முடிவுரை

‘அடக்க முடியவில்லையா, அடக்க மனமில்லையா’ என்ற நீதிமன்றக் கேள்விக்கு மருத்துவம் இருநூறு ஆண்டுகளாக விடை தேடியும் பொதுவிடை கிட்டவில்லை. உந்துதலுக்கும் செயலுக்கும் நடுவே உள்ள கணத்தை எப்படி நீட்டிப்பது என்று கேட்கத் தொடங்கிய பிறகே சிகிச்சை முன்னேறியது. பார்கின்சன் மருந்து எடுக்கும் பெரியவர் திடீரெனச் சீட்டாட்டத்தில் பணத்தை இழந்தால், குடும்பத்தார் அவர் குணத்தைப் பழிக்குமுன் மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது.