உள்நாட்டு மோட்டார் வண்டிகளும் பட்டறைத் தொழிலும்

நம் குலத்துப் பெரியோர் நாலு பேர் கூடுமிடத்தில் மோட்டார் வண்டியைப் பற்றிய பேச்சு எழுமாயின், "பழைய அம்பாஸடரைப் போல உறுதியான வண்டி இனி எங்கே வரப்போகிறது?" என்று ஒருவராவது சொல்லாதிருப்பதில்லை. அவ்வார்த்தையை மறுத்துரைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் அக்காலத்தில் உள்நாட்டு வண்டிகளை வைத்திருந்தோர் தம் கைப்பட எழுதிய செலவுக் கணக்குகளைப் புரட்டிப் பார்க்குங்கால், அது பாதியளவே மெய்யென்பது புலனாகின்றது. வண்டி பழுதுறாமலிருத்தல் வேறு. பழுதுற்ற வண்டி எளிதில் திருத்தத் தக்கதாயிருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால், வண்டியைச் செய்தனுப்பிய முதலாளிகளுக்குச் சேரவேண்டாத புகழ் சேர்கின்றது. சுத்தியலும் உளியும் அரமும் கொண்டு அவ்வண்டியை ஓடச்செய்த பட்டறைக்காரருக்கு உரிய புகழோ அவர்க்குச் சேராமற் போகின்றது. விசுவகர்ம குலத்தாராகிய நமக்கு இவ்விஷயத்தில் சம்பந்தம் உண்டாதலின் ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தேன்.

நம் தேசத்தில் மோட்டார் வண்டி செய்யப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே அதைத் திருத்தும் தொழில் வேரூன்றிவிட்டது. 1910-களில் மதுரையில் ஸ்ரீமான் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் போக்குவரத்துத் தொடங்கியபோதும், 1920-ல் ஸ்ரீமான் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்குமிடையே தம் முதல் பஸ்ஸை ஓட்டியபோதும், யந்திரங்களெல்லாம் கப்பலில் வந்தவையே. உடைந்த உறுப்புக்கு மாற்று வேண்டுமாயின் அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். அதுவரை பஸ் காத்திருக்குமா? வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டிக்கொண்டிருந்த கொல்லர் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி வளைத்துத் துவைச்சல் ஏற்றக் கற்றார். தேர் வேலை அறிந்த தச்சர் பஸ்ஸுக்குத் தேக்குச் சட்டமிட்டுக் கூண்டு கட்டினார். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது இந்தக் கல்வி பெரிதும் உதவிற்று. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொது ஜனங்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. உதிரி உறுப்புகள் அருகின. பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டது. பஸ்களின் பின்புறத்தில் கரிவாயு உலைகளைப் பொருத்தி ஓட்டினர். காலையில் உலையை மூட்டி, வாயு சேரும் வரை காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்த கிளீனர்ப் பையன்களிற் பலர் பிற்காலத்தில் மேஸ்திரிகளாயினர்.

இனி உள்நாட்டு உற்பத்தியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வேன். 1942-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944-ல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும், 1948-ல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் அசோக் மோட்டார்ஸும் ஏற்பட்டன. கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுப்பதோடு நின்ற அந்நியக் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்னும் கருத்தில் 1953-ல் சுங்கவரிக் கமிஷன் சிபாரிசு செய்யவே, போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நம் தேசத்தைவிட்டு நீங்கின. அது முதல் 1983 வரை, ஏறக்குறைய முப்பது வருஷங்கள், கார் வேண்டுவோர் உத்தரபாராவில் செய்த அம்பாஸடர், பம்பாயில் செய்த பியட், வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றனுள் ஒன்றையே நாடவேண்டியிருந்தது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தனர். பியட்டுக்குக் காத்திருக்கும் காலமே மிக நீண்டது. சர்க்கார் விலையைக் கட்டுப்படுத்தியிருந்தமையால், இரண்டொரு வருஷம் ஓடிய பழைய வண்டி புதிய வண்டியின் விலைக்கு மேலாக விற்ற விந்தையும் நிகழ்ந்தது. எவ்வளவு குறையுடன் அனுப்பினாலும் வாங்குவதற்கு ஆள் உண்டென்று அறிந்தவன் குறையைத் திருத்துவதில் என்ன ஊக்கங்காட்டுவான்? வண்டிகளின் தரத்தைக் குறித்துப் பார்லிமெண்டிலும் பத்திரிகைகளிலும் முறையீடுகள் எழுந்தன. ஹாரனைத் தவிர மற்றெல்லா உறுப்புகளும் சப்தமிடும் என்று ஜனங்கள் பரிகசித்ததும் இக்காலத்திலேதான்.

என் தாய்மாமன் 1971-ல் ஒரு புதிய கார் வாங்கினார். அதைச் செய்த கம்பெனி இன்னதென்பது ஈண்டு வேண்டா. அவர் ரைஸ்மில் கணக்கு எழுதுபவராதலின் காருக்கும் ஒரு நீள நோட்டுப் போட்டார். முதல் நாட் குறிப்பு இது: பின் இடக்கதவு தூக்கி அடித்தாலன்றிச் சாத்துவதில்லை, முன் கண்ணாடியின் கீழ் ஈரம், சக்கரத்தின் நட்டு இரண்டு கையாலேயே கழன்றன. வாரண்டியைக் காட்டி விற்பனைக்காரரிடம் மும்முறை போய்வந்தார். மூன்றாம் முறை அவர்கள் கூறிய மறுமொழி, "எல்லா வண்டியும் இப்படித்தான், ஐயா" என்பதே. அன்று மாலை எங்கள் தெருக்கோடியிலிருந்த பட்டறையில் வண்டியை விட்டார். அவ்விடத்து மேஸ்திரி கதவின் கீலைக் கழற்றித் தகடு வைத்து உயர்த்தினார், கண்ணாடி ரப்பரைப் பிரித்து மீண்டும் ஒட்டினார், மறுநாள் கொடுத்துவிட்டார். நோட்டில் அதற்கு எழுதிய கூலி 11 ரூபாய். அதன்பின் பதினாறு வருஷ காலம் அந்நோட்டில் விற்பனைக்காரரின் பெயர் ஓரிடத்தும் வரவில்லை; மேஸ்திரியின் பெயரோ பக்கந்தோறும் வருகின்றது.

அம்பாஸடரின் சிறப்பு யாதெனின், அதன் அமைப்பு பல்லாண்டு பெரிதும் மாறாதிருந்தமையே. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரின் வடிவத்தைத் தழுவி வந்த அவ்வண்டியில், 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. ஒரு வண்டியில் கற்ற பாடம் ஆயிரம் வண்டிக்குப் பயன்பட்டது. முன் சக்கரத்துக் கிங்பின் தேய்ந்து ஸ்டீயரிங் ஆடுதல், கொடி பிடித்தாற்போல் கோடையில் எப்போதும் உடன்வரும் எஞ்சின் சூடு, பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் உரிமையாளர் யாவரும் அறிந்த தொல்லைகள். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி அரை நாழிகை நிழலில் நிறுத்துவதே கடைசித் தொல்லைக்கு மருந்து. மலைச்சாலையில் ஏறுபவர் தண்ணீர் டின் இன்றிப் புறப்படார். சிலிண்டர் தேய்ந்து புகை வருமாயின் லேத்துப் பட்டறையில் துளையைப் பெருக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர்; பெருக்குதற்கு இடமில்லாத அளவு வந்தபின் உள்ளே ஸ்லீவ் அடித்து மீண்டும் ஆதி அளவுக்கே கொண்டுவருவர். இவ்வாறு இரண்டு மூன்று ஜன்மங்கள் எடுத்த எஞ்சின்கள் உண்டு. இதனை வண்டியின் உறுதி என்று சொல்வதா? லேத்துக்காரனின் கையுறுதி என்று சொல்வதே நியாயம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை இதனினும் நுட்பமானது. 1961-ல் வெளிவந்த அவ்வண்டியைப் பட்டறைக்காரர் பெரிதும் விரும்பினர். முன்புறத்து மூடி மட்கார்டுகளோடு ஒன்றாக முன்னோக்கிச் சாயுமாதலின், டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை முழுவதையும் பார்க்கலாம். ஆனால் அதன் முன் சக்கரத்தில் ஒரு கண்ணி இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமரை, ட்ரனியன் என்னும் வெண்கல உறுப்பினுள் திரும்பும். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெயே இடவேண்டுமென்பது செய்தவர் விதி. நம் நாட்டிலோ வேறெல்லா வண்டிக்கும் கிரீஸ் இடும் வழக்கமாதலின் இதற்கும் கிரீஸையே அழுத்தினர். கிரீஸ் மரையின் அடி வரை சென்று பரவாது. நீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். ஒருநாள் வீட்டு வாசலில் திரும்பும்போதே தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பழி வண்டியின்மேல் விழுந்தது. விற்கும்போது இதனை உரிமையாளருக்கும் பட்டறைக்காரருக்கும் அவரவர் பாஷையில் எடுத்துச் சொல்லியிருப்பின், பல வண்டிகள் பிழைத்திருக்கும். வெண்கலத்தின் குணமும் எஃகின் குணமும் அறிந்த குலத்தாராகிய நம்மவரிலும் கிரீஸ் இட்டவர் உண்டென்பதை மறைப்பதிற் பயனில்லை.

பியட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. இலேசான வண்டி, சிக்கனமானது. 1970-களில் பத்மினி என்று பெயர் பெற்றது. ஸ்டீயரிங்கின் அருகேயுள்ள கியர்த் தண்டின் இணைப்புகள் தேய்ந்து, நடுத்தெருவில் கியர் சிக்கிக்கொள்வதொன்றே அதன் பெருங்குறை.

லாரியின் சங்கதி முற்றிலும் வேறு. 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டு டாட்டா கம்பெனியார் ஜாம்ஷெட்பூரில் செய்த லாரியும், சென்னை எண்ணூரில் அசோக் லேலண்டு செய்த லாரியும் நம் சாலைகளில் ஓடின. டாட்டா லாரி 1961-ல் இலங்கைக்குக் கூட ஏற்றுமதியாயிற்று. கார் வைத்திருப்பவன் வண்டி நின்றால் பஸ்ஸில் போவான். லாரிக்காரனுக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை நஷ்டம், டிரைவர் படி நஷ்டம், தவணைக்கு வட்டி வேறு. ஆகையால் அவன் கணக்கு கண்டிப்பானது. ஒரு லாரியில் சலிப்புற்றால் அடுத்ததை மற்றக் கம்பெனியாரிடம் வாங்குவான். உள்நாட்டு லாரிகள் உள்நாட்டுக் கார்களைவிட மேலாயிருந்தமைக்கு இதுவே முதற்காரணமென்பது என் அபிப்பிராயம். மேலும், லாரி பெரும்பாலும் எஞ்சினும் சட்டமுமாகவே விற்கப்பட்டது. டிரைவர் அறையும் பாரம் ஏற்றும் தொட்டியும் வாங்குபவர் பொறுப்பு. நாமக்கல்லிலும் கரூரிலும் பிற ஊர்களிலும் கூண்டு கட்டும் தொழில் பெருகியதற்கு இதுவே காரணம். சாலையில் நாம் கண்ட லாரியில் பாதி நம் ஊர்த் தச்சரும் கொல்லருமே செய்தது. அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் ஸ்பிரிங் பட்டை ஒடிவது லாரிக்காரருக்கு நித்திய அநுபவம். அதைக் கம்பெனியின் குறையாக எண்ணாமல், கூடுதற் பட்டையொன்று சேர்த்துக் கட்டிக்கொண்டு போயினர்.

நம் சகோதரர் சிலர் மோட்டார் திருத்தும் தொழில் முழுவதும் நம் குலத்தினின்றே பிறந்ததென்று மேடைகளில் பேசுகின்றனர். அஃது உண்மையன்று. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புகளை விற்றோரும், ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் உதிரி உறுப்புக் கடை வைத்தோரும், எஞ்சின் மேஸ்திரிகளாய்ப் பெயரெடுத்தோரும் பல ஜாதியார், பல மதத்தார். என் மாமனின் நோட்டில் பக்கந்தோறும் வரும் மேஸ்திரியும் நம் குலத்தவரல்லர். உலைக்களமும் தச்சுப்பட்டறையும் முன்னமே வைத்திருந்தமையால் நாம் சற்று முந்தினோம், அவ்வளவே. பட்டறைக்கு வந்த பிற குலத்துப் பையன்களுக்கு நம் முன்னோர் வேலை கற்றுக் கொடுத்தனரென்பதே எனக்குப் பெருமையாகத் தோன்றுகின்றது. சிலர் கற்றுக்கொடாது மறைத்தனர் என்பதும் எனக்குத் தெரியும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. சாவியைத் திருப்பினால் காலையில் கிளம்பியது; மாதக்கணக்கில் பட்டறையை நாடவில்லை. பழைய கம்பெனிகளின் குறை எத்தன்மையதென்பதை அப்போதுதான் உரிமையாளர்கள் ஒப்பிட்டுணர்ந்தனர். பின்னர்க் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் எஞ்சின்கள் வந்தன. காதால் கேட்டுக் குறையறிந்த மேஸ்திரிகளுக்கு வேலை குறைந்தது. வண்டலூர்ச் சாலை 1980-களின் இறுதியில் அடங்கிற்று. அம்பாஸடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பம்பாய் வீதிகளில் எஞ்சியிருந்த பத்மினி டாக்ஸிகளும் 2023 அக்டோபரில் விடைபெற்றன.

மேற்கூறிய நோட்டு, மாமன் காலமானபின் பழைய காகிதத்தோடு கடைக்குப் போகவிருந்தது. சுமை கட்டும்போது தற்செயலாக என் கண்ணிற்பட்டது. நம் அங்கத்தினர் வீடுகளில் கார், லாரி, பஸ் வைத்திருந்தோர் எழுதிய இத்தகைய கணக்கு நோட்டுகளும், பட்டறைப் பில்களும், கூண்டு கட்டிய அளவுக் குறிப்புகளும் பரண்மீது இருக்கக்கூடும். இருப்பின் சங்கக் காரியதரிசிக்கு எழுதுமாறு வேண்டுகிறேன்; பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம். கூலி விவரமும் மேஸ்திரியின் பெயரும் உள்ள பக்கங்களே எமக்கு முக்கியம். மை மங்கியிருந்தாலும் பாதகமில்லை.