முஅல்லிமும் மாலுமியும்

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி நிறுவனமொன்றில் பணிபுரியும் என் தங்கை மகன், விடுமுறையில் அந்தமான் சென்று திரும்பினான். முன்னர் ஹேவ்லாக் என்றும், 2018 முதல் சுவராஜ் தீவு என்றும் வழங்கும் தீவில், நிலவில்லாத இரவொன்றில், ‘கயாக்’ என்னும் ஒடுங்கிய தோணியில் ஏறி, அலையாத்திக் காட்டின் ஓடைகளுக்குள் வழிகாட்டி ஒருவரின் பின்னே துடுப்பு வலித்துச் சென்றானாம்.

“மாமா, துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலப் பொறி பறந்தது. வழிகாட்டி விளக்கை அணைக்கச் சொன்ன பிறகுதான் அதுவே கண்ணுக்குத் தெரிந்தது” என்று வியந்தவன், இறுதியில், “இதெல்லாம் வெள்ளைக்காரர் விளையாட்டு. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டான். தொடர்பு உண்டு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

முதலில் தோணியை எடுத்துக்கொள்வோம். கயாக் என்பது வெள்ளையர் கண்டதன்று. கிரீன்லாந்து முதல் அலாஸ்கா வரை பனிநாடுகளில் வாழும் இனுயிட் முதலிய மக்கள், மிதந்துவரும் மரத்தாலும் திமிங்கில எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்தினர். நீர் புகாவண்ணம் அதனைத் தைத்துக் கொடுத்தவர்கள் அவ்வீட்டுப் பெண்டிர். ஆக, கயாக் பிறப்பால் ஒரு தோல் தோணியே. நம் காவிரியில் ஒகேனக்கல் பரிசலும் அவ்வாறே. மூங்கில் பிளாச்சுகளால் முடைந்த கூடையின்மேல் முன்னாளில் மாட்டுத் தோலைப் போர்த்தினர். இன்று அவ்விடத்தில் தார் பூசிய நெகிழித்தாள் இருக்கிறது. தோலைத் தொட்டு வாழும் ஊரில் பிறந்த பிள்ளை, தோல் படகின் வழித்தோன்றலில் ஏறிவிட்டு, நமக்கென்ன தொடர்பு என்று கேட்பது எனக்கு நகைப்பையே தந்தது.

அடுத்து வழிகாட்டி. தமிழில் கப்பலை வழிநடத்துபவனை ‘மாலுமி’ என்கிறோம். இச்சொல் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் எங்களுக்குரிய பெயரும் அதுவே; அறிவிப்பவன், கற்பிப்பவன் என்பது பொருள். அரபுக் கடலோடிகள் கப்பலின் பொறுப்பாளரை ‘நாகுதா’ என்றும், வழி அறிந்தவரை ‘முஅல்லிம்’ என்றும் பிரித்தனர். அக்பரின் அவைப் புலவர் அபுல் பஸல், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பற்பணியாளரை வரிசைப்படுத்தியபோது, ஆழமும் மேடும் அறிந்து, விண்மீன் கணக்கும் தெரிந்து கப்பலைச் சேருமிடம் சேர்ப்பவர் முஅல்லிம் என விளக்கினார். சரக்கு யாருடையதாயினும், இருட்டில் எல்லாரும் செவிசாய்த்தது இவர் சொல்லுக்கே.

இவர்களுள் தலைசிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமாவை ஒட்டிய ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி 895இல், அதாவது கி.பி. 1490ஐ ஒட்டி, கடற்கலை பற்றி 12 பகுதிகள் கொண்ட ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் நூலை யாத்தார். நிலவின் 28 தங்கிடங்கள், திசைவட்டத்தின் 32 பிரிவுகள், காந்த ஊசி, பருவக்காற்று ஆகியவை அதில் பேசப்படுகின்றன. வடமீனின் உயரத்தை விரலகலத்தால் அளந்து, கப்பல் நிற்கும் இடத்தைக் கணித்தனர் அக்கால முஅல்லிம்கள். 1498இல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டிற்கு அழைத்து வந்தவர் இவரே என்னும் செய்தியை நம்மவர் பலர் பெருமையாகவோ பழியாகவோ சொல்வதுண்டு. பின்வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வழிகாட்டி குஜராத்தைச் சேர்ந்தவர் என்பதே அவர்தம் துணிபு. இப்னு மாஜிதின் பெருமைக்கு அக்கதை தேவையுமில்லை.

நம் சோழமண்டலக் கரையை அரபியர் ‘மஃபர்’ என்றனர். அக்கரையில் மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பெயர் பெற்றது பரங்கிப்பேட்டை. அதன் அருகே, வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடையில் விரிந்து கிடப்பதே பிச்சாவரத்து அலையாத்திக் காடு. அங்கே ஓடைகள் பிரிந்தும் கூடியும் செல்லும். எல்லாத் திருப்பமும் ஒன்றுபோலவே தோன்றும். புதியவன் பகலிலேயே வழி தவறுவான். உள்ளூர்ப் படகோட்டியோ ஏற்றவற்றத்தைக் கொண்டே வழியறிவான். நீர் ஏறும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றம் மிகுகிறது. பிறை 8, 22 வாக்கில் குறைகிறது. மாதத்தின் பிறை எத்தனையென அறிந்தவனுக்கு ஓடையில் எத்தனை நீர் நிற்குமென்பதும் தெரியும். பிறை பார்த்து நாளெண்ணும் நம் வீடுகளில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டி, ஒருவகையில் கடலின் நாட்காட்டியுமாகும்!

என் மருமகன் கண்ட நீலப் பொறிக்கும் இக்கணக்கு பொருந்தும். அது நெருப்பன்று. நீரில் மிதக்கும் கண்ணுக்கெட்டா நுண்ணுயிர்கள், அலையோ துடுப்போ தம்மை அசைக்கும்போது உமிழும் ஒளி. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையிலும் இவ்வொளியை மக்கள் திரண்டு கண்டனர். நிலவு காயும் இரவில் அது மங்கிப்போகும். மாதக் கடைசியின் இருளிலேதான் துலங்கும்.

இனி, காட்டின் கதை. சுரபுன்னை முதலிய அலையாத்தி மரங்களின் பட்டையில் துவர்ப்புச் சாறு மிகுதி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நம் பகுதித் தோல்களைப் பதப்படுத்தியது போல, சுந்தரவனத்துக் கோரான் பட்டை கல்கத்தாத் தோல்களைப் பதப்படுத்தியது. பிச்சாவரத்திலோ, ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முறைவைத்து மொட்டையடித்தனர். வெட்டவெளியான மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது, பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பேறியது, புதுக்கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை மீண்டும் உள்ளே விட்டபின்னரே காடு தழைத்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ஆய்வாளர் எழுதினர். கடலிலிருந்து தொலைவும் நிலத்தின் உயரமும் அதற்குக் காரணமெனச் சிலர் மறுத்துமுள்ளனர். எவ்வாறாயினும், 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு பகற்பொழுதில் அங்குச் சென்றிருந்தேன். ஆம்பூரிலிருந்து வருகிறோம் என்றதும் முதிய படகோட்டி ஒரு சுரபுன்னையை நகத்தால் கீறிச் செந்நிற உட்பட்டையைக் காட்டினார். “தோலுக்கு நல்ல பட்டைதான் ஐயா. ஆனா சுத்தி உரிச்சா மரம் செத்துரும். அதனால நாங்க தொடறதில்ல” என்றார். மாணவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நினைவு பாலாற்றுக்குச் சென்றது.

தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடும் அவ்வாறு நம் ஊர்களின் தாய். அதன் கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல்கள் உலகச் சந்தையைப் பிடித்தன. பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் எழுந்தன. என் போன்றோரின் ஊதியமும் அத்தொழிலின் ஈகையிலிருந்தே வந்தது. அதை மறந்தால் நன்றி கெட்டவனாவேன். ஆயின் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்கு உதவாமற் போனது அதில் பதிவாயிற்று. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் இழந்த கிணறுகள் எளிதில் திரும்பவில்லை.

வழக்கு மன்றம் சொல்லும்வரை நமக்குச் சொல்ல ஒரு முஅல்லிம் இல்லையா? இருந்தோம். ஒளுவின்போது நீரை வீணாக்காதீர் என்று பாடம் நடத்தினோம். பள்ளிவாசல் கிணற்றில் நிறம் மாறியபோது மட்டும், அது எம் துறையன்று என்று வாளாவிருந்தோம். எழுத்தறியாப் படகோட்டி தன் ஓடைக்கு மாலுமியாக இருந்தார். நாங்கள் எங்கள் ஆற்றுக்கு முஅல்லிமாக இருக்கவில்லை. இக்குறையில் என் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் கேட்ட என் மருமகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின், “மாமா, அன்று வழிகாட்டி முதலில் சொன்னது, மரத்தின் வேரைத் துடுப்பால் இடிக்காதீர்கள் என்பதுதான்” என்றான். அடுத்த வெள்ளியன்று, தன் நிறுவனத்துக் கழிவுநீர் எங்கே செல்கிறது எனத் தான் நேரிற் சென்று பார்த்ததாகச் சொன்னான். நான் கேட்காமலே அவன் சொன்ன செய்தி அது.