ஒற்றை எண்ணிலிருந்து வண்ணப் பலகைக்கு: கலிஃபோர்னியாவில் பள்ளி மதிப்பீட்டு முறையின் வரலாறு

முன்னுரை

ஒரு பள்ளியின் செயல்திறனை ஒரே ஒரு தேர்வின் முடிவைக் கொண்டு கணித்தல் பொருந்தாது என்பது கல்வியியலார் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். இக்கருத்தின் அடிப்படையிலேயே பல மதிப்பீடுகளின் முடிவுகளை இணைத்துப் பள்ளியை அளவிடும் முறைகள் தோன்றின. எவற்றை இணைப்பது, எதற்கு எவ்வளவு எடை அளிப்பது என்னும் வினாக்கள் மேலோட்டமாகப் பார்ப்பின் கணக்கியல் சார்ந்தவையாகத் தோன்றும். உண்மையில் அவை கல்விக்கொள்கை சார்ந்தவை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1999 முதல் மேற்கொண்ட முயற்சிகள் இதற்குத் தக்க சான்றாகின்றன. ஒவ்வோர் இணைப்பு விதியும் எந்த மாணவர்மீது பள்ளியின் கவனம் குவியவேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்தது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

குறியீட்டின் தோற்றம்

1999 ஏப்ரலில் ஆளுநர் கிரே டேவிஸ் பொதுப்பள்ளிப் பொறுப்புடைமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இச்சட்டத்தின்வழி உருவானதே கல்வி அடைவுக் குறியீடு. 200 முதல் 1000 வரையிலான ஓர் எண்ணால் ஒவ்வொரு பள்ளியும் குறிக்கப்பட்டது. 800 என்பது மாநில இலக்கு. இலக்கிற்குக் கீழே உள்ள பள்ளி, தன் எண்ணுக்கும் 800க்கும் இடைப்பட்ட தொலைவில் 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் கடத்தல் வேண்டும். 600 பெற்ற பள்ளிக்கு அவ்வாண்டின் வளர்ச்சி இலக்கு 10 புள்ளிகள். பள்ளியின் மொத்த எண் உயர்ந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட அளவு எண்ணிக்கையுள்ள இனப் பிரிவினரும் வறிய குடும்பத்து மாணவரும் முன்னேற்றம் காட்டவேண்டும் என்றும் சட்டம் விதித்தது. இலக்கை எட்டிய பள்ளிகளுக்குப் பரிசுத் தொகையும், பின்தங்கிய பள்ளிகளுக்கு அரசின் தலையீடும் திட்டமிடப்பட்டன.

குறியீட்டில் தேர்வு முடிவுகளின் பங்கு 60 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்றும், வருகை வீதம், பள்ளிப் படிப்பை நிறைவுசெய்வோர் வீதம் ஆகியனவும் இடம்பெறவேண்டும் என்றும் சட்டம் கூறிற்று. எனினும் அவற்றிற்கு நம்பத்தகுந்த தரவுகள் மாநில அளவில் கிடைக்காமையால் குறியீடு தேர்வு முடிவுகளை மட்டுமே கொண்டு தொடங்கிற்று. அதுவும் முதலாண்டில் ஸ்டான்ஃபோர்டு 9 என்னும் ஒரே தேர்வுத் தொகுதியே பயன்பட்டது. இத்தேர்வு நாடு தழுவிய மாதிரி மாணவர் குழுவோடு ஒப்பிட்டு மாணவரைத் தரப்படுத்துவது. மாநிலப் பாடத்திட்டத்தை அளவிடுதற்கென உருவாக்கப்பட்டதன்று. மாநிலப் பாடத்தரத்தை ஒட்டிய தேர்வுகளும் உயர்நிலைப் பள்ளி இறுதித் தகுதித் தேர்வும் பின்னரே படிப்படியாகச் சேர்க்கப்பட்டன.

எடைமதிப்பில் பொதிந்த கொள்கை

குறியீட்டின் கணக்கீட்டில் மாணவர் ஐந்து நிலைகளாகப் பகுக்கப்பட்டனர். மாநிலப் பாடத்தரத் தேர்வுகளின்படி மேம்பட்ட நிலைக்கு 1000, தேர்ச்சி நிலைக்கு 875, அடிப்படை நிலைக்கு 700, அடிப்படைக்குக் கீழான நிலைக்கு 500, மிகக் கீழான நிலைக்கு 200 என எடைமதிப்புகள் அமைந்தன. இவற்றின் இடைவெளிகள் சமமாக இல்லை என்பது கருதத்தக்கது. மிகக் கீழான நிலையிலுள்ள மாணவர் ஒருபடி உயர்ந்தால் 300 புள்ளிகள் கூடும். தேர்ச்சி நிலையிலுள்ளவர் ஒருபடி உயர்ந்தால் 125 மட்டுமே கூடும். கடைநிலை மாணவரை உயர்த்தும் பள்ளிக்கே மிகுந்த பயன் கிட்டவேண்டும் என்னும் கொள்கை இவ்வெண்களுள் பொதிந்திருந்தது.

இம்முறையின் குறையும் அதன் இணைப்பு விதியிலேயே இருந்தது. தலா 100 மாணவர் பயிலும் இரு பள்ளிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதற்பள்ளியில் அனைவரும் அடிப்படை நிலையினர். அதன் எண் 700. இரண்டாம் பள்ளியில் 40 பேர் மேம்பட்ட நிலையினர், 60 பேர் அடிப்படைக்குக் கீழானவர். அதன் எண்ணும் 700. பின்னதில் சிலரது உயர்வு பலரது தாழ்வை ஈடுசெய்துவிடுகின்றது. முற்றிலும் வேறுபட்ட இரு பள்ளிகளை ஒரே எண் ஒன்றாகக் காட்டிவிட்டது.

இரு அளவுகோல்களின் மோதல்

2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ என்னும் கூட்டாட்சிச் சட்டம் வேறொரு விதியைக் கொணர்ந்தது. தேர்ச்சி நிலையை எட்டிய மாணவரின் விழுக்காடே அதன் முதன்மை அளவுகோல். 2014ஆம் ஆண்டிற்குள் அது 100 விழுக்காட்டை எட்டவேண்டும் என்பது இலக்கு. இவ்வளவுகோலின்படி மேற்கூறிய முதற்பள்ளியின் தேர்ச்சி 0 விழுக்காடு. இரண்டாம் பள்ளியினது 40 விழுக்காடு.

மாநில விதியில் 300 புள்ளிகள் பெற்றுத்தரும் கடைநிலை மாணவரின் முன்னேற்றம், தேர்ச்சிக் கோட்டைத் தாண்டாதவரை இங்குக் கணக்கில் சேராது. கோட்டிற்குச் சற்றுக் கீழே நிற்கும் மாணவர்மீது கவனத்தைக் குவிக்கும் தூண்டுதலை அது பள்ளிகளுக்கு அளித்தது. இதனால், குறியீட்டில் உயர்ந்துவந்த பள்ளியும் கூட்டாட்சி விதியின்படி தோல்வியுற்ற பள்ளியாக அறிவிக்கப்படும் நிலை உருவாயிற்று. தேர்வும் மாணவரும் மாறவில்லை. இணைப்பு விதி மாறியதால் தீர்ப்பு மாறியது.

ஒற்றை எண்ணின் முடிவு

தேர்வுகளின் மேலாதிக்கத்தைக் குறைக்கும் முயற்சிகள் சட்டமன்றத்தில் தொடர்ந்தன. 2011இல் குறியீட்டை மாற்றியமைக்கும் ஒரு மசோதாவை ஆளுநர் ஜெர்ரி பிரௌன் ஏற்க மறுத்தார். எண்சார்ந்த தரவுகளை மேன்மேலும் அடுக்குவதால் கல்வியின் தரம் புலப்படாது என்பது அவரது நிலைப்பாடு. 2012இல் அவர் ஒப்புதலளித்த சட்டம், உயர்நிலைப் பள்ளிகளின் குறியீட்டில் தேர்வுகளின் பங்கு 60 விழுக்காட்டை மிஞ்சலாகாது என வரையறுத்தது. 1999இல் கீழ்வரம்பாக இருந்த 60, பதின்மூன்று ஆண்டுகளில் மேல்வரம்பாக மாறியது. பழைய மாநிலத் தேர்வுகள் 2013இல் கைவிடப்பட்டமையால் இம்மாற்றம் முழுமையாகச் செயற்படவில்லை. குறியீடும் வழக்கொழிந்தது.

2017இல் அறிமுகமான பள்ளித் தகவல் பலகை ஒற்றை எண்ணைத் துறந்தது. மொழி, கணிதம், ஆங்கிலம் கற்போர் முன்னேற்றம், படிப்பு நிறைவு வீதம், இடைநீக்க வீதம் முதலியன தனித்தனியே காட்டப்பட்டன. ஒவ்வொன்றும் நடப்பு நிலை, முந்தைய ஆண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றம் ஆகிய இரண்டையும் இணைத்துச் சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து வண்ணங்களுள் ஒன்றைப் பெற்றது. ஒன்றன் உயர்வால் மற்றொன்றன் தாழ்வு மறையாமை இதன் சிறப்பு. பெற்றோர் எளிதில் ஒப்பிட இயலாது என்பது இதன்மேல் எழுந்த எதிர்ப்பு.

இணைப்பு வினா இத்துடன் முடியவில்லை. 2015 டிசம்பரில் இயற்றப்பட்ட புதிய கூட்டாட்சிச் சட்டம், வறிய மாணவர்க்கான நிதியுதவி பெறும் பள்ளிகளுள் மிகப் பின்தங்கிய 5 விழுக்காட்டை இனங்காணுமாறு மாநிலங்களைப் பணித்தது. அதற்கென, எத்தனை சிவப்புகள் எவ்வண்ணங்களோடு சேர்ந்தால் ஒரு பள்ளி அப்பட்டியலில் இடம்பெறும் என்பதைக் கலிஃபோர்னியா வரையறுக்க நேர்ந்தது. எண்ணைத் துறந்த மாநிலம் வண்ணங்களைக் கூட்டத் தொடங்கியது.

முடிவுரை

பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து நிதியோ தலையீடோ அளிக்கவேண்டிய நிலை உள்ளவரை, பல மதிப்பீடுகளை ஏதேனும் ஒருவகையில் இணைப்பது தவிர்க்கவியலாதது என்பதைக் கலிஃபோர்னியாவின் வரலாறு உணர்த்துகின்றது. மதிப்பீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் நேர்மை விளைந்துவிடாது. எந்தத் தாழ்வை எந்த உயர்வு ஈடுசெய்யலாம், எந்த மாணவரின் முன்னேற்றம் எவ்வளவாக எண்ணப்படும் என்பனவற்றை விதி வகுப்போர் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். எடைமதிப்புகள் பொதுவெளியில் இருந்தமையால்தான் கலிஃபோர்னியாவில் அவற்றின்மீது வாதம் நிகழ முடிந்தது. ஒரு பொறுப்புடைமை முறையை ஆராய்வோர் பள்ளிகள் பெற்ற மதிப்பெண்களோடு அம்மதிப்பெண்களை ஆக்கிய விதியையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.